கதிர்காமத்துக்கு வேன் பிடிக்கும் குடும்பத்தின் மருந்துப் பை

இலங்கையின் ஊவா மாகாணத்துக்குச் சுற்றுலா வருகிறவர்களுக்காக எழுதப்பட்ட கையேடுகள் நிறைய உண்டு. எல்லயில் எங்கே தங்குவது, தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தில் எத்தனை மணிக்கு ரயில் வரும், லிப்டன் சீட்டுக்கு எந்தப் பக்கமாக ஏறுவது என்றெல்லாம் அவை விளக்கும். கடைசிப் பக்கத்தில் முதலுதவிப் பெட்டிக்கு ஒரு பட்டியலும் இருக்கும். ஊவாவிலிருந்து புறப்படுகிற குடும்பத்துக்கு அப்படி ஒரு பட்டியலை யாரும் எழுதித் தரவில்லை. பதுளை, பசறை, நமுனுகுலை, மடுல்சீமை, ஹப்புத்தளைத் தோட்டங்களிலும் விடுமுறைப் பயணம் உண்டு. ஆடியில் கதிர்காமம், டிசம்பர் முதல் மே வரையான பருவத்தில் சிவனொளிபாதமலை, பள்ளி விடுமுறையில் சீதாஎலியாவும் நுவரெலியாவும், கையில் காசு சேர்ந்த ஆண்டில் நல்லூர் அல்லது திருகோணமலை. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேனைப் பிடிக்கும். பாட்டி முதல் கைக்குழந்தை வரை அதில் ஏறும். சோற்றுப் பார்சலும் பிளாஸ்க்கும் பாயும் ஏறும். மருந்து என்ற பேரில் பெரும்பாலும் ஒரு கார்ட் பனடோலும் ஒரு சித்தாலேபக் குப்பியும் ஏறும்.

அந்த இரண்டும் போதுமா, போதாதென்றால் வேறு என்ன வேண்டும், எதை வைக்கவே கூடாது என்பது எளிய கேள்வி போலத் தெரியும். ஆனால் நோய்களின் பெயரை வரிசையாக எழுதி ஒவ்வொன்றுக்கும் ஒரு மருந்து வைத்தால் பெட்டி பெட்டகமாகிவிடும், பயனும் இராது. முதலுதவிப் பெட்டி பிறந்த கதையே இதற்கு விடை சொல்கிறது. 1888இல் அமெரிக்காவின் ஜோன்சன் அண்ட் ஜோன்சன் நிறுவனம் முதன்முதலாக அப்படியொரு பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது வீடுகளுக்கானதல்ல, ரயில் பாதைத் தொழிலாளருக்கானது. பாதை போடும் இடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையே நீண்ட தூரம் கிடந்ததாலும், அந்தத் தூரத்தைக் கடப்பதற்குள் காயம்பட்டவன் இரத்தம் போயோ புண் சீழ்ப்பிடித்தோ செத்ததாலும் அது தேவைப்பட்டது. ஆகவே எந்த நோய்க்கு எந்த மருந்து என்று பார்க்கும் முன், இந்த வளைவில் ஒன்று நடந்தால் வைத்தியர் கையில் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்க்க வேண்டும். ஊவாவில் அந்த நேரம் மலைக்கு மலை வேறுபடுகிறது.

பெரிய வைத்தியசாலைகள் பதுளையிலும் தியத்தலாவையிலும் கீழே மொனராகலையிலும் இருக்கின்றன. கதிர்காமத்திலும் ஓர் அரச வைத்தியசாலை உண்டு. இடையில் கிடக்கிற பாதைதான் சிக்கல். ஹப்புத்தளை 1400 மீற்றருக்கு மேல் நிற்கும் ஊர். அங்கிருந்து பெரகலை, கொஸ்லந்தை வழியாகவோ, பண்டாரவளையிலிருந்து எல்ல வழியாகவோ வெல்லவாயவுக்கு இறங்குவதற்குள் கம்பளிச் சட்டை வியர்வைச் சட்டையாகிவிடும். எல்ல–வெல்லவாய பாதையில் 2025 செப்டம்பர் 4ஆம் திகதி இரவு, சுற்றுலா முடித்துத் திரும்பிய தங்காலை நகரசபை ஊழியர்களின் பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். 2021 மார்ச் 20ஆம் திகதி காலை பசறை 13ஆம் மைல்கல்லருகே லுணுகலையிலிருந்து வந்த பஸ் விழுந்தது, அதிலும் பத்துக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. இப்படிப்பட்ட விபத்தில் எந்தப் பெட்டியும் பெரிதாக எதையும் செய்துவிடாது, உண்மைதான். ஆனால் முதலில் பள்ளத்தில் இறங்கி வருகிறவர்கள் ஊர்ச் சனங்கள். அவர்கள் கையில் இரத்தத்தை நிறுத்தத் துணி இருந்ததா இல்லையா என்பது சிலருடைய உயிரைத் தீர்மானிக்கும்.

அதனால் பையில் முதலில் போக வேண்டியது துணி. மருந்துக் கடையில் கேட்டால் மஞ்சள் நிறக் களிம்பையும் பஞ்சுப் பொதியையும்தான் எடுத்து நீட்டுவார்கள். பஞ்சு புண்ணில் ஒட்டிக்கொண்டு பிறகு உயிரை வாங்கும். களிம்பு காத்திருக்கலாம். வேண்டியது கோஸ் துணிப் பொட்டலங்கள், அகலமான பண்டேஜ் சுருள்கள், துவைத்து இஸ்திரி போட்டு மடித்த பழைய பருத்திச் சேலைத் துண்டுகள் இரண்டு. வேட்டியைக் கிழித்தாலும் சரி. வழிகிற இரத்தத்தின் மேல் துணியை வைத்து, உள்ளங்கையால் அழுத்தி, பத்து நிமிடத்துக்கு எடுத்து எடுத்துப் பார்க்காமல் பிடித்திருப்பதே முதலுதவியின் பாதி. நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி. கையுறை இல்லாவிட்டால் ஒரு ஷொப்பிங் பேக்கைக் கையில் மாட்டிக்கொள்ளலாம். சேலைத் துண்டை மூலைக்கு மூலை மடித்தால் முறிந்த கையைத் தாங்கும் தூளியாகும்.

அந்த ஷொப்பிங் பேக் இன்னொரு வேலைக்கும் கட்டாயம் வேண்டும் என்பது வளைவுப் பாதையில் போன எவருக்கும் தெரியும். வாந்தியை நாம் நோயாக எண்ணுவதில்லை, பயணத்தின் பகுதியாக எண்ணிவிட்டோம். ஒரு வேனில் ஐந்து பிள்ளைகள் வாந்தி எடுத்தால், கீழே வெயில் காயும் வெல்லவாயவுக்குப் போய்ச் சேரும்போது அவர்கள் உடலில் தண்ணீர் இராது. தேசிக்காயை முகர்வதும் இஞ்சியை மெல்லுவதும் நல்லவைதான், சிலருக்கு அவையே போதும். போதாதவர்களுக்கு அவோமின் போன்ற மாத்திரை உண்டு. ஆனால் வயிறு புரண்ட பிறகு அதை விழுங்கிப் பயனில்லை, வேன் கிளம்புவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பாகவே விழுங்க வேண்டும். தூக்கம் வரும், ஆகவே சாரதிக்கு வேண்டவே வேண்டாம். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் கூடாது. எளிய வழிகள் இன்னும் சில இருக்கின்றன. வாந்தி எடுக்கிற பிள்ளையை முன் இருக்கையில் உட்கார்த்துவது, போனைப் பார்க்க விடாதது, காலையில் எண்ணெய்ப் பூரிக்குப் பதில் இரண்டு பிஸ்கட். எந்தப் பிள்ளை எடுக்கும் என்று தாய்க்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பிள்ளைதான் பின் இருக்கையில் நெருக்கப்பட்டிருக்கும், முன்னால் பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

வாந்திக்கும் வயிற்றோட்டத்துக்கும் ஒரே பதில் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-குளுக்கோஸ் கலவையான ஜீவனிப் பொட்டலம். விலை மலிவு, கனமில்லை. 1971இல் வங்காளதேச அகதிகள் நிறைந்திருந்த பொங்காவ் முகாமில் கொலரா பரவியபோது, ஏற்றுவதற்குச் சேலைன் போதாமல், திலிப் மகாலனாபிஸ் என்ற வைத்தியர் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை டிரம்களில் வைத்துத் தாய்மாரையே பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. தாயே கொடுக்கக்கூடிய மருந்து என்பதுதான் இதன் பெருமை. பொட்டலத்தில் எழுதிய அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். அரைத் தம்ளரில் கரைத்துக் கொடுத்தால் உப்பு மிஞ்சிப் பிள்ளைக்குக் கேடு. தண்ணீர் அளக்க ஒரு லீற்றர் போத்தல் வேனில் எப்படியும் உருளும். பொட்டலம் தீர்ந்தால் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீருக்கு ஆறு மட்டத் தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. வாந்தியோடு கொடுக்கும்போது தம்ளரால் ஊற்றக்கூடாது, நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி.

பனடோலைப் பற்றி இரண்டு வார்த்தை. நம் வீடுகளில் அது மருந்தல்ல, சமையலறைச் சாமான். பெரியவருடைய மாத்திரையை அரையாக, காலாக உடைத்துப் பிள்ளைக்குக் கொடுக்கும் பழக்கத்தை விட வேண்டும். பத்துக் கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஒரு தடவைக்கு 100 முதல் 150 மில்லிகிராம். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 5 மில்லிலீற்றர். வீட்டுக் கரண்டியில் ஊற்றாமல், கூடவே வரும் அளவுக் கரண்டியில் ஊற்ற வேண்டும். நாலு மணித்தியாலத்துக்குள் மறுபடி கூடாது, ஒரு நாளில் நாலு தடவைக்கு மேலும் கூடாது. எடையையும் அளவையும் புட்டியிலேயே பேனையால் எழுதி ஒட்டிவிட்டால், இரவு இரண்டு மணிக்கு மடத்தில் விழித்துக்கொண்டு கணக்குப் போட வேண்டியதில்லை. காய்ச்சலுக்கு அதைத் தவிர வேறு வலிமாத்திரை வேண்டாம். அஸ்பிரின், டைக்ளோபெனக், இபுபுரோபன் மூன்றும் டெங்குக் காய்ச்சலில் இரத்தக் கசிவைக் கூட்டும். அது டெங்குவா இல்லையா என்று முதல் நாளில் யாருக்கும் தெரியாது.

இனி ஈரமும் பூச்சியும். வெளியூர்க் கையேடுகள் அட்டையைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பயமுறுத்தும். மலையில் கொழுந்தெடுக்கிற பெண்ணுக்கு அது சிரிப்பாக இருக்கும். படங்கை இடுப்பில் சுற்றி, காலில் சவர்க்காரத்தைத் தடவிக்கொண்டு மழைக்குள் நிற்கிறவள் அவள். அட்டை நோயைக் கொண்டுவருவதில்லை, அதன் எச்சில் இரத்தத்தை உறையவிடாது, அதனால் விழுந்த பிறகும் ஒழுகும், அவ்வளவே. பிய்த்து இழுக்காமல் நகத்தால் வாய்ப்பக்கத்தைத் தோலோடு ஒட்டித் தள்ளிவிட்டு, சவர்க்காரம் போட்டுக் கழுவி, துணியை அழுத்திக் கட்டினால் போதும். நுவரெலியாப் பக்கத்துப் புல்வெளிகளில் ஏறும் உண்ணியை இதைவிடக் கவனிக்க வேண்டும். அதற்கு நுனி கூரான இடுக்கி ஒன்று பையில் இருக்கட்டும். தோலோடு சேர்த்துப் பிடித்து நேராக இழுக்க வேண்டும், நெருப்புக்குச்சியால் சுடக்கூடாது.

உண்மையில் அஞ்ச வேண்டியது குளவி. தோட்டத்துச் செய்திகளில் குளவிக்கொட்டு புதிதல்ல, மலையில் நின்றவர்கள் அதனால் இறந்ததும் உண்டு. நாம் குளவி என்று சொல்வதில் பாதி, பாறைமுகட்டிலும் உயர்ந்த மரத்திலும் தொங்கும் பெரிய தேனீக் கூடுதான். துன்ஹிந்தை, தியலும போன்ற அருவிகளுக்கு நடக்கும் பாதைகளும் அப்படிப்பட்ட இடங்களே. கூடு கலைந்தால் நின்று விசிறக்கூடாது, முகத்தை மூடிக்கொண்டு ஓட வேண்டும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். தேனீ கொடுக்கை விட்டுப் போகும், அதை நகத்தாலோ காகித அட்டையின் ஓரத்தாலோ உடனே சுரண்டி எறிய வேண்டும். பிரிட்டன் என்ற ஒவ்வாமை மாத்திரை பையில் இருந்தால் அரிப்பைத் தணிக்கும், உயிரைக் காக்காது. உதடும் நாக்கும் வீங்குவது, குரல் கம்முவது, உடம்பு முழுவதும் தடிப்பு, தலைசுற்றி விழுவது ஆகியவை வந்துவிட்டால் அட்ரினலின் ஊசி ஒன்றே மருந்து. அது ஆஸ்பத்திரியில் தொடையில் போடப்படுவது. வெளிநாடுகளில் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் பேனா வடிவ ஊசி நம் பார்மசிகளில் எளிதில் கிடைக்கும் பொருளல்ல. மயங்குகிறவரைப் படுக்கவைத்துக் காலை உயர்த்திப் பிடிக்க வேண்டும், நிமிர்த்தி நடத்திக் கொண்டுபோகக் கூடாது. மூச்சுத் திணறினால் மட்டும் சாய்த்து உட்காரவைக்கலாம். பல இடங்களில் கொட்டு வாங்கியவர், பார்வைக்கு நன்றாக இருந்தாலும், வைத்தியரிடம் போக வேண்டும்.

பாம்புக்கடிக்குப் பையில் ஒன்றும் வைக்க வேண்டாம். விஷக்கல், பிளேட், இறுக்கிக் கட்டும் கயிறு மூன்றும் தீங்கு செய்பவை. மலைநாட்டுத் தேயிலைக்குள் அதிகம் கடிப்பது மூக்கு மேல்நோக்கிய சின்னஞ்சிறு விரியன். நம் ஆஸ்பத்திரிகளில் உள்ள இந்தியத் தயாரிப்பான விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கு மட்டுமே. இந்தக் குட்டை விரியனுக்கு அது வேலை செய்யாது. பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் சிலருக்குச் சிறுநீரகம் பழுதாகும், எனவே கவனிப்பு கட்டாயம். கீழே இறங்கினால் ஆபத்து மாறுகிறது. கதிர்காமம் போகும் வரண்ட நாட்டில் இரவில் தரையில் பாய் விரித்துப் படுப்பவர்களைக் கடிப்பது கட்டுவிரியன். கடித்த வலியே தெரியாது. விடியுமுன் வயிற்றுவலி, கண்ணிமை தொங்குதல், பேச்சுக் குழறல் என்று தொடங்கும். ஆடி மாதத்தில் எத்தனை குடும்பம் மண்டபத்திலும் மரத்தடியிலும் படுக்கிறது! நல்ல ரோர்ச் லைட் ஒன்று, பாய்க்கடியில் ஓரத்தைச் செருகிய நுளம்பு வலை ஒன்று. இவை மருந்துப் பையைச் சேர்ந்தவை என்றே நான் சொல்வேன். கடித்துவிட்டால் மோதிரம், வளையல், வெள்ளிக் கொலுசைக் கழற்றி, கைகாலை அசையாமல் தடியோடு சேர்த்துக் கட்டி, தூக்கிக்கொண்டு போக வேண்டும். பாம்பைத் தேடி அடிப்பதில் நேரம் போக்கக் கூடாது, தூரநின்று போனில் படம் கிடைத்தால் போதும்.

குரங்கோ நாயோ கடித்தாலும் பிறாண்டினாலும் பையில் தேவைப்படுவது சவர்க்காரக் கட்டிதான். ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரச வைத்தியசாலைக்குப் போக வேண்டும், விசர்நாய்க்கடித் தடுப்பூசி அங்கே இலவசம். சுடுநீர் பிளாஸ்க் வளைவில் கவிழ்ந்து சாயத்தண்ணி பிள்ளையின் தொடையில் கொட்டினால் இருபது நிமிடம் குளிர்ந்த தண்ணீர். பற்பசை, நெய், மஞ்சள் எதுவும் வேண்டாம். பிளாஸ்க்கைத் தரையில் இரண்டு பைகளுக்கிடையே நிறுத்தி வைப்பது இதைவிட மேல்.

இதுவரை சொன்னவை எல்லாம் ஒரு சாப்பாட்டுப் பெட்டிக்குள் அடங்கிவிடும். அடங்காதது பாட்டியின் மருந்து. பிரஷர், சீனி வருத்தம், நெஞ்சுவலி என்று மாதக் கிளினிக்குக்குப் போகிறவர்கள் இன்று ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறார்கள். பயணத்தில் அவர்களைப் படுத்துவது புதிய நோயல்ல, விட்டுப்போன பழைய மாத்திரை. இரண்டு நாள் பயணத்துக்கு இரண்டு நாள் மாத்திரை எடுத்துப் போவது கணக்கில் சரி, ஊவாவில் சரியல்ல. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் பதுளை மாவட்டத்து மலைகள் சரிந்து பாதைகள் அறுந்தன. போனவர்கள் திரும்ப முடியாமலும் இருந்தவர்கள் வெளியேற முடியாமலும் நின்றார்கள். ஒரு வாரத்து மாத்திரையாவது மேலதிகமாக இருக்க வேண்டும், அதையும் இரண்டு பைகளில் பிரித்து வைக்க வேண்டும். இன்சுலினை வேனின் முன்கண்ணாடிக்குக் கீழே வெயிலில் வைத்தால் கெட்டுவிடும், ஈரத்துணி சுற்றிய பாத்திரத்தில் நிழலில் வைக்கலாம். இழுப்பு உள்ள பிள்ளைக்கு இன்ஹேலரோடு ஸ்பேசரும் போக வேண்டும். ஸ்பேசர் வாங்க முடியாதவர்களுக்கு அரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தலின் அடியில் இன்ஹேலர் வாய் இறுக்கமாகப் பொருந்தும்படி துளையிட்டுக்கொண்டால் அதே வேலையைச் செய்யும் என்று தென்னாபிரிக்காவில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

மாத்திரையோடு கிளினிக் கொப்பியும் போக வேண்டும். வீட்டில் தகரப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிற கொப்பி, வெல்லவாயவில் மயங்கிக் கிடப்பவருக்கு எப்படி உதவும்? எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதை ஒரு தாளில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி அதற்குள் வைத்தால் இன்னும் நல்லது, சிங்களம் தெரிந்த பிள்ளை எந்த லயத்திலும் ஒன்று இருக்கும். 1990 என்ற இலக்கம் அதே தாளில் பெரிதாக இருக்கட்டும். இந்திய உதவியோடு 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி 2018க்குப் பிறகு தீவெங்கும் விரிந்த சுவசெரிய அம்புலன்ஸ் சேவை அது, கட்டணம் இல்லை. தமிழிலேயே பேசலாம். கூப்பிடும்போது மைல்கல் எண்ணைச் சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்தது, ஆகவே ஓடும் வேனில் ஒருவர் மைல்கல்லைப் பார்த்துக்கொண்டே வருவது வீண் வேலையல்ல. சில மலைகளில் சிக்னல் இராது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

இனி பையில் வைக்கக் கூடாதவை. பழைய அமொக்சிசிலின் மிச்சம், பெயர் அழிந்த கார்ட்கள், பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்ட மருந்து இவையெல்லாம் பையைக் கனமாக்கும், ஆளைக் குழப்பும். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது மிச்சத்தைச் சேர்த்து வைக்கும் பழக்கம் இன்னும் வேரூன்றியது. அதைக் குற்றம் சொல்லவும் மனமில்லை. ஆனாலும் அரைக் கோர்ஸ் அன்டிபயோட்டிக் யாருக்கும் உதவாது.

காசு விஷயத்துக்கு வருவோம். 2024இல் சம்பளச் சபை தோட்டத் தொழிலாளருக்குத் தீர்மானித்த நாட்சம்பளம் 1,350 ரூபா. கோஸ், பண்டேஜ், ஜீவனி, சிரப், இடுக்கி என்று ஒரு குடும்பம் தனியாக வாங்கினால் கையைக் கடிக்கும். வேனுக்குப் பணம் சேர்ப்பது போல இதற்கும் சேர்த்தால் தலைக்குச் சிறு தொகைதான். பெட்டியைப் பார்த்து அடுக்கித் தரக்கூடிய ஆளும் தோட்டத்திலேயே இருக்கிறார். 1912ஆம் ஆண்டுச் சட்டங்கள் தோட்டத் துரைமார் மேல் தொழிலாளரின் வைத்தியப் பொறுப்பைச் சுமத்திய காலத்தின் தொடர்ச்சியாக வந்த டிஸ்பென்சரியும் அதன் மெடிக்கல் அசிஸ்டனும், 1972, 1975 தேசியமயத்தையும் 1992 கம்பனி நிர்வாகத்தையும் தாண்டிப் பல இடங்களில் இன்னும் நிற்கிறார்கள். அரசு அவற்றை முழுமையாக ஏற்பது இன்னும் முடியாத வேலை. மூடிய டிஸ்பென்சரி முன்னால் இரவில் திரீவீலுக்குக் காத்திருந்த அனுபவம் எந்தத் தோட்டத்துக்கும் புதிதல்ல. ஆனால் ஆடிக் கொடியேற்றத்துக்கு ஒரு வாரம் முன்பு, கோவில் கமிட்டி வேன் பட்டியலைப் போடும்போதே, மெடிக்கல் அசிஸ்டனையோ குடும்பநல மருத்துவிச்சியையோ கூப்பிட்டு வேனுக்கு ஒரு பெட்டி பார்த்து அடுக்கச் சொல்லலாம். செஞ்சிலுவைச் சங்கத்தின் பதுளைக் கிளையிடம் கேட்டு, வேனுக்கு ஒரு இளைஞன் என்று முதலுதவி பழகவும் வைக்கலாம்.

பயணம் முடிந்த பெட்டியை யார் வீட்டில் வைப்பது என்ற சண்டை பிறகு வரும். 1942ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழிற்சாலைக்குள் முதலுதவிப் பெட்டி வைக்கச் சொல்கிறது. கொழுந்து நிறுக்கும் மலைக்கும் லயத்துக்கும் அந்தச் சட்டம் எட்டுவதில்லை. விறகடுப்பும் வழுக்குப் படியும் குளவியும் அங்கேதான் இருக்கின்றன. வேன் வந்து நிற்கும் லயத்தின் முதல் காம்பராவில் அந்தப் பெட்டியை வைத்து, தீர்ந்ததை அடுத்த சம்பளத்தில் வாங்கிப் போட்டுக்கொண்டால், அடுத்த ஆடிக்குப் புதிதாக ஒன்றை அடுக்க வேண்டி வராது.